மதகுவீரன் தொகுப்பு, தள்ளுபடி விலையில்

நம் வயதுக்காரர்களுக்கு முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். கதை எங்கேயும் ஓடிவிடாது. சூப்பர் ஹீரோ சித்திரக்கதைத் தொகுப்புகளைத் தள்ளுபடியில் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைதான். கடைக்குப் போக வேண்டாம், பை எடுக்க வேண்டாம். போனிலோ டேப்லெட்டிலோ விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் கனமான புத்தகம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. கரையான் அரிக்காது. இரவல் கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். எழுத்து பொடியாக இருந்தால் இரண்டு விரலை வைத்து விரித்தால் போதும், கட்டம் பெரிதாகிவிடும்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பீர்கள். என் கொழுந்தன் மகனும் அதைத்தான் கேட்டான். அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். இந்தப் பறக்கிற ஆட்கள் மேல் அப்படியொரு பைத்தியம். தன் சிநேகிதர்களுக்காக அவன் போட்ட பட்டியல், அதாவது இந்தத் தள்ளுபடியில் வாங்க வேண்டிய பதினோரு தொகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சிபாரிசு, கைதவறி எங்கள் குடும்பக் குழுவில் வந்து விழுந்துவிட்டது. உடனே அழித்தான். அதற்குள் நான் படித்துவிட்டேன். எழுத்து எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுகிறவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றேன். மிச்சப் படிப்பு மளிகைப் பொட்டலத்தில் வந்தது. இங்கிலீஷ் மாத்திரை அட்டையிலிருந்தும் டிவியின் அடியில் ஓடுகிற வரிகளிலிருந்தும் வந்தது.

பட்டியலைப் பற்றி என் கருத்து, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்: முதல் இரண்டும் வேண்டாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மழையும் இருட்டும். கண்ணில் புரை எடுத்தவர்களுக்கு ஆகாது. மூன்றாவதை வாங்குங்கள். அதில் ஒரு பெண் பறக்கிறாள். ஊரைக் காப்பாற்றப் புறப்படும்போது அடுப்பை அணைத்தோமா என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கிறாள். எழுதியவர் வீட்டில் புழங்குகிற ஆள் என்று தெரிகிறது. ஐந்தாவதில் எல்லோரும் எல்லோரையும் நெடுநாளாகத் தெரிந்தவர்கள் போலவே பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் தெரியாமல் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒன்பதாவது குழந்தைகளுக்கு என்று போட்டிருக்கிறான். நமக்கும்தான்.

ஏழாவதின் அட்டைப்படத்தைப் பார்த்ததும் போனை மேசைமேல் வைத்துவிட்டேன்.

ஒரு பெரிய அணை. அதன் கதவுக்கு முன்னால் முழங்கை வரை மஞ்சள் கையுறை போட்ட ஒருவன், முஷ்டியை ஓங்கியபடி. இவனை எனக்குத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். இங்கிலீஷில் இவனுக்கு வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டும். எங்களுக்கு இவன் மதகுவீரன்.

*

அந்த வருஷம் ஆடி பிறந்தும் எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை. அதிராம்பட்டினத்துக்கு மேற்கே, கால்வாய் போய் முடிகிற கடைமடை எங்கள் ஊர். மேட்டூரைத் திறந்தாயிற்று என்று ரேடியோ சொல்லிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் நடவே முடிந்திருக்கும். நாங்கள் வெடித்த வாய்க்காலுக்குள் இறங்கி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருப்போம். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் கண்ணால் பார்க்கிற பொருள் இல்லை, காதால் கேள்விப்படுகிற பொருள். காலையில் எழுந்ததும் பெரியவர்கள் ஒருவரையொருவர் "சாப்டாச்சா?" என்று கேட்க மாட்டார்கள். "தண்ணி வல்லம் தாண்டிடுச்சாம்ல?" என்பார்கள். அதுதான் வணக்கம், அதுதான் நலம் விசாரிப்பு.

என்னோடு படித்த கூட்டாளி ஒருத்தி அதிராம்பட்டினத்திலிருந்து வருவாள். அவளுடைய வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். அந்த ஆடியில் அவர் ஊருக்கு வந்தபோது ஒரு மரப்பெட்டி நிறையப் பீங்கான் தட்டு கொண்டுவந்தார். கப்பலில் வந்து, ரயிலில் வந்து, மாட்டு வண்டியிலும் வந்த அந்தப் பெட்டியில் ஒரு தட்டுகூட உடையவில்லை. ஊரே அதிசயமாகத் தட்டைப் பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் தட்டுக்கு நடுவில் வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தோம். கசக்கித் திணித்த காகிதம். பிரித்தால் ஒவ்வொன்றிலும் கலர் கலராக ஆட்கள். ஒருவன் சுவரை உடைக்கிறான். ஒருத்தி கையை உயர்த்தியபடி ஆகாயத்தில் நிற்கிறாள். வழுக்கைத் தலையர் ஒருவர் கையில் பெரிய பெரிய தாள்களோடு கத்துகிறார்.

"அடுப்புப் பத்தவைக்க உம்மா எடுத்து வச்சிருக்காங்க. நாலு நாளைக்கு ஒருக்கா கொஞ்சமா உருவிக்கிட்டு வரவா?" என்றாள் கூட்டாளி.

"ஒரேயடியா உருவு. அடுப்புக்கு எங்க வீட்டுலேருந்து தென்ன மட்ட தாரேன்."

அப்படித்தான் பண்டமாற்று நடந்தது. எங்கள் வீட்டு அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்துக் காகிதங்களை நீவினோம். கசங்கல் போயிற்று, தட்டின் விளிம்பு அழுந்திய வட்டம் மட்டும் போகவில்லை. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் ஒரு முழு நிலா விழுந்திருக்கும், சில சமயம் வீரனின் மார்பில், சில சமயம் ஆகாயத்தில். மூக்கில் வைத்தால் வைக்கோலும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை. ஆறேழு புத்தகங்கள் கலந்து கிடந்ததைச் சீட்டுக் கட்டை அடுக்குவதுபோல அடுக்கி, கோணி ஊசியால் சணல் கோத்து ஒரே புத்தகமாகத் தைத்துக் கொடுத்தது என் அத்தை. இன்றைக்குத் தொகுப்பு என்று பெரிதாகப் பேசுகிறார்களே, நாங்கள் அப்போதே போட்டுவிட்டோம். கடைசிப் பக்கங்கள் மட்டும் கிடைக்கவே இல்லை. ஏதோ ஒரு நாள் அதிராம்பட்டினத்தில் அந்த வீட்டு அடுப்பு கொஞ்சம் சீக்கிரம் பற்றியிருக்கும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எனக்குப் பத்து வயதென்றால் அத்தைக்குப் பத்தொன்பது. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தஞ்சாவூரில் டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப்போட்டு, தபாலுக்குக் காத்திருந்தது. இங்கிலீஷைப் படித்துக் கதை சொல் என்று நானும் கூட்டாளியும் போய் நின்றோம். அத்தை நாலு கட்டம் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது.

"எனக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் லீவு லெட்டர் எழுதுற இங்கிலீஷ்டி. இது சண்ட போடுற இங்கிலீஷ். வாத்தியார் இதை நடத்தல."

"அப்ப என்ன பேசுறாங்கன்னு தெரியவே தெரியாதா?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

அங்கேதான் ஆரம்பித்தது. மத்தியானம் வீடு தூங்கும்போது நெல் குதிருக்குப் பின்னால் மூன்று பேரும் உட்காருவோம். பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை அந்த ஆட்கள் பேசுகிற முட்டை வடிவத்துக்கு வெட்டி, அத்தை தமிழில் எழுதும். சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, இங்கிலீஷை மூடி ஒட்டிவிடுவோம். முட்டைக்குள் வசனம் அடங்க வேண்டும். அதனால் ஒரு வரியை நாலு தரம், ஐந்து தரம் சிறு துண்டுகளில் எழுதிப் பார்க்கும். ஒட்டியது போக மிஞ்சிய துண்டுகளைத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளும். நல்ல வரி, வேறு கட்டத்துக்கு உதவும் என்று.

மஞ்சள் கையுறைக்காரன் அணைக் கதவை உடைக்கிறானா? அப்படியென்றால் அவன்தான் நல்லவன். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவனுக்கு மதகுவீரன் என்று பெயர் வைத்தோம். கையில் தாளோடு கத்துகிற வழுக்கையர், ஊர் நிலக்கணக்கெல்லாம் வைத்திருக்கிற கர்ணம். "அடங்கலில் உங்கள் ஊரே இல்லை! சிட்டாவைக் கொண்டு வா, பிறகு தண்ணீர் கேள்!" என்று கத்துவார். மதகுவீரன் மட்டும் எங்கள் பெரியப்பா வேதக் கோயிலில் பிரசங்கம் பண்ணுகிற தமிழில் பேசுவான். அத்தைக்குத் தெரிந்த பெரிய தமிழ் அதுதான். "கர்ணமே, உன் நாட்கள் எண்ணப்படுகின்றன. தாகத்தோடு இருக்கிறவர்களின் பட்சத்தில் நான் நிற்கிறேன்." கையை உயர்த்தியபடி ஆகாயத்தில் நிற்கிற வெள்ளையுடைக்காரிக்கு என்ன வசனம் என்று தெரியவில்லை. எங்கள் உம்மா மாதிரி இருக்கிறாள் என்று கூட்டாளி சொன்னாள். அதனால் அவள் எங்கே வந்தாலும், எவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவில் வந்தாலும் ஒரே பேச்சுத்தான்: "போதும் நிறுத்துங்க. சோறு ஆறுது."

புத்தகம் ஒரு வாரம் எங்கள் வீட்டில், ஒரு வாரம் கூட்டாளி வீட்டில் இருக்கும்.

*

இப்போது ஏழாவது தொகுப்பை வாங்கி மூன்று நாளில் படித்து முடித்தேன். புரியாத இடத்தில் கொழுந்தன் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இரண்டாம் நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்ப்பா, இந்த மஞ்சக் கையுறை நல்லவன்தானே?"

"இல்ல பெரியம்மா. அவன்தான் வில்லன். அந்தச் சீரிஸ்லயே பெரிய வில்லன். அணைய உடைச்சு ஊரையே மூழ்கடிக்கப் பாக்குறான்."

"அந்த வழுக்கையரு?"

"அவரு இன்ஜினியர். அணையக் கட்டினவரு. கையில வச்சிருக்கிறது பிளான். அவரும் அந்த வெள்ள டிரஸ் பொண்ணும் சேந்துதான் தண்ணிய அப்படியே பனிக்கட்டியாக்கி நிறுத்துறாங்க."

எனக்கு ரொம்ப நேரம் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அத்தைக்குப் போன் போட்டேன். அத்தைக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். வாய் அப்படியேதான் இருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டது.

"இரு. தண்ணியத் திறந்துவிட்டவன் கெட்டவன்?"

"ஆமா அத்தை."

"ஓடுற தண்ணிய நிறுத்தி வச்சவன் நல்லவன்?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"இதை எந்த ஊர்க்காரன்டி எழுதினான்?"

*

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த ஆடியில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அத்தைக்குத் தஞ்சாவூரிலிருந்து கார்டு வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது. கூடவே ஒரு படிவம். வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டு, அடுத்த வாரம் திங்கட்கிழமை நேரில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து பெரியப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பாவின் அண்ணன், எங்கள் சபைக்கு உபதேசியார். ஊரில் ஒரு பெண் படிக்கப் போகலாமா வேண்டாமா என்பதில் அவர் சொல்தான் கடைசிச் சொல். அவரும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தார். "நம்ம வீட்டுல ஒரு டீச்சரம்மா" என்று இரண்டு தரம் சொன்னார். இலை போட்டாயிற்று. சாப்பாட்டுக்கு முன் ஒரு வசனம் வாசிக்கலாம் என்று கைக்கெட்டிய வேதப்புத்தகத்தை எடுத்துத் திறந்தார். அது அத்தையுடையது.

துண்டுக் காகிதங்கள் பொலபொலவென்று கொட்டின. ஒன்று நேராக இலையில், ரசத்தில் விழுந்தது. பெரியப்பா அதை எடுத்து, சொட்டச் சொட்டப் படித்தார்.

"மடைக்கு வா. தனியாக வா."

அடுத்ததை எடுத்தார். "நான் வரும் நாளில் கால்வாய் நிரம்பி ஓடும்."

அதற்கடுத்தது: "அந்தக் கிழவனை நினைத்து அஞ்சாதே. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பெரியப்பாவுக்கு நல்ல வழுக்கை. எங்கள் எல்லோருடைய கண்ணும், என்னுடையதும்தான், தானாக அங்கே போயிற்று.

"என்னது இது?" என்றார்.

"கதைண்ணே" என்றது அத்தை.

"யாரு எழுதுன கதை?"

"நான் எழுதுனது."

"கதையில எந்த மடைக்கு வரச் சொல்லுது?"

"சும்மா ஒரு மடை."

"சும்மா ஒரு மடை இந்த ஊர்ல எங்க இருக்கு? இருக்கிறது ஒரு மதகு. அதுல நிக்கிறவன் ஒருத்தன். கால்வாய் நிரம்பும்னு நாள் குறிச்சுச் சொல்ல வேற எவனால முடியும்?"

மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆளை எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்போம். எங்கள் மதகுக்குச் சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வயதுக்காரர் நாலு மாதத்துக்கு முன்னால்தான் வந்திருந்தார். கரைமேல் ஒரு கொட்டகையில் தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். தண்ணீரே இல்லாத கால்வாய்க்குக் காவல். அத்தை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பா சபையார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மதகுக்குப் போனார். "எங்க வீட்டுப் பொண்ணுக்குச் சீட்டு எழுதுவியா?" என்று கரையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கச் சத்தம் போட்டார். அந்த மனிதர், "எந்தப் பொண்ணுங்க?" என்று கேட்டிருக்கிறார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். இவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அவருடைய மேலதிகாரிக்கு மனுவும் போயிற்று.

வீட்டில் அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. "டிரெயினிங்கெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். படிவம் ரேடியோப் பெட்டிக்கு அடியில் போயிற்று. பெரியப்பா தரங்கம்பாடியில் ஒரு வரன் இருப்பதாகப் பேச்செடுத்தார்.

நான் குதிருக்குப் பின்னால் அத்தையைப் பிடித்தேன். "புஸ்தகம் அவ வீட்டுல இருக்கு அத்தை. நாளைக்கே வாங்கிட்டு வந்து காட்டுறேன். அந்த வரியெல்லாம் அதுல ஒட்டியிருக்குல்ல?"

"காட்டக் கூடாது."

"ஏன்?"

"பத்தொம்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். கதைன்னு சொன்னேன். அது போதும்னு நெனச்சுத்தான் சொன்னேன். புஸ்தகத்தக் கொண்டாந்து காட்டினாத்தான் நம்புவாங்கன்னா, புஸ்தகத்தத்தானே நம்புறாங்க? என்னையவா?"

பத்து வயதில் எனக்கு இது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. இருக்கிற சாட்சியைக் காட்டாமல் ஒரு ஆள் இடத்தை இழப்பதா என்று ஆத்திரமாக வந்தது. இப்போது நினைத்தால் அந்த வீட்டில் அன்றைக்கு நேராகப் பேசிய ஒரே ஆள் அத்தைதான். பெரியப்பாவைப் பற்றியும் ஒன்று தோன்றுகிறது. அவருக்கு அப்போது நாற்பத்தைந்துகூட இருக்காது. 'மடை'யை விட, 'தனியாக வா'வை விட, அந்தக் 'கிழவன்' அவரை அதிகமாகக் குத்தியிருக்கும். அன்றிலிருந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வெளியே போனார்.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. அத்தை வாசலுக்கு வருவதை விட்டுவிட்டது. சாப்பிடும், பாத்திரம் விளக்கும், ரேடியோப் பெட்டியைத் துடைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நிற்கும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டாள்.

"அத்தை வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா எப்படிப் புள்ள காட்டுவே?"

"அத்தை என்னையத்தானே காட்டக் கூடாதுன்னுச்சு. நீ காட்டு."

"ஆத்தாடி! உங்க பெரியப்பாவுக்கு முன்னாடி நான் நிப்பேனா?"

ஆனாலும் சனிக்கிழமை காலையில் சாப்பாட்டுத் தூக்குத் துணிக்குள் சுற்றிப் புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வேலியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டாள். துணியில் தேங்காய்ப்பால் வாசனை. மற்றதை நான்தான் செய்ய வேண்டியதாயிற்று.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து வேலையே இல்லாத மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை அவருக்கு முன்னால் வைத்தேன். அத்தை அடுக்களை வாசலிலிருந்து பார்த்தது. அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் வைத்துத்தான் படிப்பார். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். மதகுவீரன் ஒரு குடியானவனின் தோளில் கைவைத்து நிற்கிற கட்டம் வந்தது. "மடைக்கு வா. தனியாக வா." விரல் அங்கே நின்றது. மறுபடி முதல் சொல்லிலிருந்து தொடங்கி நகர்ந்தது. பிறகு என்னைப் பார்த்து, "பெரியப்பாவக் கூப்பிடு" என்றார்.

பெரியப்பா வந்தார். தலைத்துண்டை அவிழ்க்காமலே உட்கார்ந்து வாங்கிப் படித்தார். அவருக்கு மனதுக்குள் படிக்க வராது. எதையும் கோயிலில் படிப்பதுபோல உரக்கத்தான் படிப்பார். "கர்ணமே, உன் நாட்கள் எண்ணப்படுகின்றன!" என்று அவர் குரலிலேயே கேட்டபோதுதான் அந்த வசனம் யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். பெரியப்பா விடவில்லை. கட்டம் கட்டமாகப் போனார். அடங்கல் வந்த இடத்தில், "நம்ம கர்ணமும் இதையேதான் சொல்றான்" என்று தனக்குள் முனகினார். கிழவன் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, படத்திலிருந்த வழுக்கையைக் கூர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். மதகுவீரன் கதவைக் குத்துகிற பக்கம் வந்தது. திருப்பினார். அதற்கப்புறம் சணல் முடிச்சுத்தான் இருந்தது.

"மிச்சம் எங்க?"

"அவ்வளவுதான்" என்றேன்.

"அவ்வளவுதான்னா? தண்ணி வந்துச்சா இல்லையா?" என்றார் அப்பா. மன்னிப்பும் கேட்கவில்லை, தப்பு நடந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி, ஒரு வாரத்துக்கப்புறம் முதல் தரமாகத் தங்கையை முகத்துக்கு நேராகப் பார்த்து, "ஏம்மா, அப்புறம் என்னதான் ஆச்சு?" என்று கேட்டார்.

அத்தை அடுக்களை வாசலிலேயே நின்றது. அப்பா எழுந்து போய் ரேடியோப் பெட்டியைத் தூக்கினார். படிவத்தை எடுத்தார். என் பேனாவை வாங்கி, மண்வெட்டி தீட்டிய கையோடு கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில் துருக்கறை பட்டுவிட்டது. நீட்டினார்.

அத்தை வாங்கவில்லை.

"மதகுல ஒருத்தரு நிக்கிறாரு. அவருக்கு யாரு போய்ச் சொல்லப்போறா?"

பெரியப்பா ஓட்டுச் சந்தில் எதையோ தேடினார். "மனுவ நான் திருப்பி வாங்கிடுறேன், விடு" என்றார்.

"மனு போனது ஆபீஸுக்கு. சத்தம் போட்டது கரையில. கரையில நின்னுதான் சொல்லணும். அதுவரைக்கும் நான் தஞ்சாவூர் போகல. இடம் அடுத்த ஆளுக்குப் போனாப் போகட்டும்."

கையெழுத்து விழுந்த பிறகு இப்படிப் பண்ணுகிறதே என்று நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். பெரியப்பா எழுந்திருக்கவில்லை. அப்பாதான் கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, வெறுங்கையோடு எப்படிப் போவது என்பதுபோல, புத்தகத்தை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். பொரிகிற வெயிலில் கரைமேல் அவர் நடந்து போவதை நானும் அம்மாவும் வேலியில் நின்று பார்த்தோம். கடல் காற்று எதிர்த்து அடித்து வேட்டியைப் பின்னுக்குத் தள்ளியது. பெரியப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவரும் அதே கரையில் நடந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து திரும்பி வந்தார்கள். கையில் புத்தகம் இல்லை. அத்தை வாசலுக்கு வந்தது.

"சொன்னீங்களா?"

"சொன்னோம்" என்றார் அப்பா. "அண்ணனும் சொன்னாரு. கரையில நாலு பேரு நின்னாங்க, அவங்க காதுல விழத்தான் சொன்னாரு."

"புஸ்தகம்?"

"அந்தத் தம்பி படிச்சிட்டுத் தாரேன்னுச்சு. தனியா கெடக்கிற புள்ள. எப்படிப் புடுங்குறது?"

"கோபமா இருக்காரா?"

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க மேல இல்ல. உம்மேலதான். ஒரே குத்துல கதவத் திறந்தா கரை தாங்குமாங்கிறான். அரை அரை அடியாத்தான் தூக்கணுமாம். இந்தாளு திறக்கிற திறப்புக்கு மொதல்ல அடிச்சுட்டுப் போறதே கடைமடைதானாம். மதகுன்னா என்னன்னே தெரியாம எழுதியிருக்காங்கன்னு ஒரேயடியா வருத்தப்பட்டான்."

அத்தை கூடத்துக்குப் போய்ப் படிவத்தை எடுத்தது. துருக்கறையைத் துடைத்துப் பார்த்தது, போகவில்லை. நாலாக மடித்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. எழுதுறதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"ஒண்ணும் கேக்க வேணாம்" என்றார்கள் அப்பாவும் பெரியப்பாவும், ஒரே குரலில். "திங்கக்கிழமை மொத பஸ்ஸுலயே ஏறு."